கசாப்புக் குருவியின் காலில் சிவப்புச் சீட்டு

பதினெட்டு வருடம் பன்றி வெட்டிய எனக்கு ஜொப்சென்டர் கடைசியாகத் தேடித் தந்த வேலை, செத்த குருவிகளை ஓர் அலுமாரியிலிருந்து இன்னோர் அலுமாரிக்கு மாற்றுவது. இதைக் கேட்டுச் சிரிக்காத தமிழர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. என் கணவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்து முடித்த பிறகு, "கறிக்கு உதவுமோ?" என்று கேட்டார். எல்லாம் எப்போதோ செத்தவை, உள்ளே வெறும் பஞ்சுதான் என்றேன். "அப்ப உம்மட மச்சாளின்ர கோழிக்கறி மாதிரித்தான்" என்றார். என் அண்ணன் மனைவியின் சமையலைப் பற்றி அவருக்கு எப்போதும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

சிரிப்பு அவருக்கு. எனக்கு அது கடைசிக் கதவு. இறைச்சி ஆலையில் நான் தோள் வெட்டும் இடத்தில் நின்றவள். வலது கையில் கத்தி, இடது கையில் கொளுக்கி. பதினெட்டு வருடம் ஒரே வெட்டு, ஒரே திருப்பு. ஒருநாள் காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கினேன், கோப்பை கையில் நிற்கவில்லை. மணிக்கட்டில் சத்திரசிகிச்சை செய்தார்கள். வைத்தியர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி இந்தக் கை கத்தி பிடிக்காது என்று எழுதித் தந்தார். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் இருக்கத் தெரியாது. இரண்டு கிழமை இருந்து பார்த்தேன், அதற்குள் சமையலறை அலுமாரிகளை மூன்று தரம் அடுக்கிவிட்டேன்.

ஜொப்சென்டரில் எனக்குப் பொறுப்பாயிருந்தவர் முப்பது வயதுக்குக் கிட்டிய, மிகவும் மரியாதையான மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய கணினியில் என் பெயருக்கு நேரே ஒரே ஒரு சொல்தான் இருந்தது: இறைச்சி ஆலைத் தொழிலாளி. அவர் எதைத் தட்டினாலும் அது இறைச்சியையே கக்கியது. முதலில் சொசேஜ் செய்யும் இடம். பிறகு மீன் வெட்டும் இடம். பிறகு சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சி மேசை. ஒவ்வொரு முறையும் நான் மணிக்கட்டைக் காட்டுவேன், அவர் இரக்கத்தோடு தலையாட்டுவார், திரும்பவும் தட்டுவார். திரும்பவும் சொசேஜ் வரும்.

அப்படியிருக்க, ஒரு மியூசியத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. சேர்த்து வைத்திருக்கும் பறவைகளைப் பெரிய அளவில் இடம் மாற்றுகிறார்கள், செத்த பிராணிகளைக் கவனமாகக் கையாளக்கூடிய, பொறுமையான ஒருவர் தேவை என்று கேட்டிருந்தார்கள். செத்த பிராணி என்ற சொல்லை வாசித்ததும் அந்த மனிதருக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. மூன்று மாதம் பிராக்டிக், அதாவது வேலை பழகிப் பார்ப்பது. கடைசியில் ஒரு கூட்டம் நடக்கும். மியூசியத்துக்கு என்னைப் பிடித்தால், கை ஏலாதவர்களுக்கென்று இருக்கிற அரைநாள் வேலை நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் சொசேஜ்.

இப்படித்தான் நான் வீடிருக்கிற இஷொயில் எஸ்-ரயில் ஏறி, கோபன்ஹேகனில் ஒரு நிலக்கீழ் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே பறவைகளுக்குப் பொறுப்பானவர் என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு டேனிஷ் பெண். நெட்டை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதை எந்நேரமும் தேடிக்கொண்டிருப்பார். டேனிஷில் பெரியவர் சின்னவர் வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் ஒரே சொல்தான். ஆனால் என் வாய் வளர்ந்த விதம் வேறு. நாங்கள் இருவரும் கதைத்தவற்றை இன்று நினைக்கும்போது அவர் என்னை 'நீர்' என்கிறார், நான் அவரை 'நீங்கள்' என்கிறேன். அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதல்நாள் ஓர் இழுப்பறையை இழுத்துக் காட்டினார். உள்ளே பறவைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. கால்கள் குறுக்கே வைத்துக் கட்டப்பட்டு, கண்ணிருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு. ஒவ்வொரு காலிலும் நூலில் கட்டிய சிறு சீட்டு. கன்னத்தின் குறுக்கே கறுப்புப் பட்டி, முகமூடி போட்ட கள்ளன் மாதிரி.

"இவர் உம்மட தொழில்காரன்," என்றார் பொறுப்பாளர். "லனியுஸ். லத்தீனில கசாப்புக்காரன் எண்டு அர்த்தம்."

நான் அந்தக் குருவியை உற்றுப் பார்த்தேன். என் உள்ளங்கையில் அடங்கும். இதுவா கசாப்புக்காரன்? எங்கள் ஆலையில் கத்தி தீட்டுபவரின் மீசை இதைவிடப் பெரிது.

"சின்னக் குருவி எண்டு நினையாதையும். வண்டு, தவளை, சுண்டெலி எல்லாம் பிடிக்கும். ஆனா பிடிச்சதை அமத்திக் கிழிக்கக் காலில பலம் காணாது. அதால முள்ளில குத்தி வைச்சிட்டுக் கிழிக்கும். மிச்சத்தை அப்பிடியே முள்ளில தொங்க விட்டுடும், பிறகு வந்து தின்னும்."

எனக்கு அந்தக் குருவியில் உடனே ஒரு பாசம் வந்துவிட்டது. கொளுக்கி இல்லாமல் நானும் ஒரு தோளைக்கூட வெட்டியதில்லை. பலம் காணாத இடத்துக்குத்தானே கருவி. டேனிஷ்காரர் இந்தக் குருவிக்கு முள்ளை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள், லத்தீன்காரர் தொழிலை வைத்து. தமிழில் என்ன என்று வீட்டுக்கு வந்து தேடினேன். கீச்சான். எங்கள் ஆட்கள் அதன் சத்தத்தைப் பிடித்திருக்கிறார்கள். பொலிஸ் அறிக்கை மாதிரி, ஆளுக்கொரு குற்றம்.

வேலை இதுதான்: பழைய மர அலுமாரிகளிலிருந்த பறவைகளைப் புதிய இரும்பு அலுமாரிகளுக்குப் புதிய ஒழுங்கில் மாற்ற வேண்டும். பழைய ஒழுங்கு முகத்தையும் தொழிலையும் பார்த்து அடுக்கியது. புதிய ஒழுங்கு இரத்தத்தைப் பார்த்து. இதை விளங்கப்படுத்த அவர் என்னை அறையின் மறுகோடியில் இருந்த ஒரு பழைய அலுமாரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் கறுப்பு, வெள்ளை, சாம்பல். அங்கேயும் நுனி வளைந்த அலகு. கொஞ்சம் பெரிய உருப்படிகள்.

"இவை ஒஸ்ரேலியாக் கசாப்புக் குருவிகள். இவையும் இரையைக் கொப்புக் கவரில, முள்ளில செருகி வைச்சுத்தான் கிழிக்கும். முதல்முதல் பாத்த ஐரோப்பியர் இதையும் கீச்சான் எண்டே நினைச்சினம். பிறகு எலும்பைப் பாத்தினம், அதுக்குப் பிறகு மரபணுவைப் பாத்தினம். சொந்தமே இல்லை."

"ஒண்டுக்கொண்டு ஒண்டுமேயில்லையோ?"

"கனக்க மேல போனால் எங்கையோ ஒரு பொதுப் பாட்டன் இருப்பார். ஆனா கீச்சானுக்குக் கிட்டின சொந்தம் காகம். இதுக்குக் கிட்டின சொந்தம் அங்கத்தைய வேற குருவியள். ஒரே தொழில் செய்து செய்து முகமும் ஒண்டாப் போச்சு."

அவர் இதைச் சொல்லிவிட்டு நான் குழம்புவேன் என்று பார்த்தார் போலிருக்கிறது. புதிதாக வருகிற மாணவர்கள் எல்லாம் இந்த இடத்தில் முழிப்பார்களாம். என்னிடமா? எங்கள் ஆட்களுக்கு இது தாய்ப்பாலோடு வருகிற பாடம். டேனிஷ்காரருக்குப் பெரியப்பாவின் மகனும் மாமாவின் மகனும் ஒரே சொல்தான். எங்களுக்கு ஒருவர் அண்ணன், மற்றவர் மச்சான். ஒருவரைக் கட்டினால் வெட்டுக் குத்து, மற்றவரைக் கட்டினால் மேளதாளம். முகத்தைப் பார்த்து யாராவது சொந்தம் சொல்வார்களா?

புரொண்பியில், எங்கள் ஆட்கள் பெரியபிள்ளையான மகளுக்குச் செய்கிற ஒரு சாமத்தியவீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் சந்தனம் தருகிற அம்மாவே தொடங்கிவிடுவார். "தங்கச்சி ஊரில எவ்விடம்?" யாழ்ப்பாணம் என்றால் போதாது. ஊர் சொல்ல வேண்டும். ஊர் சொன்னால் கோயிலுக்கு வடக்கையோ தெற்கையோ என்று வரும். அப்பாவின் பெயர், அம்மாவின் ஊர், எந்தப் பள்ளிக்கூடம். ஐந்து நிமிடத்தில் என்னைக் குலம் கோத்திரத்தோடு பிரித்து இழுப்பறையில் வைத்துவிடுவார்கள். பிறகு, இவர்தான் என்ர அவர் என்று கணவரைக் காட்டுவேன். மன்னார், கத்தோலிக்கர். அவ்வளவுதான், சந்தனக் கிண்ணம் அந்தரத்தில் நிற்கும். எங்கள் இருவரையும் எந்த இழுப்பறையில் வைப்பதென்று தெரியாமல் எங்கள் சனம் இருபத்தைந்து வருடமாகத் தவிக்கிறது.

ஆகவே அந்த வேலை எனக்குப் பாயாசம் மாதிரி இறங்கியது. பறவைகளுக்கு இரண்டு பெயர் என்று பொறுப்பாளர் சொன்னார். குடும்பம் மாறும்போது முதல் பெயர் மாறும், இரண்டாவது பெயர் கூடவே வரும். இதுவும் எனக்குப் புதிதல்ல. என் சொந்தப் பெயரோடு முதலில் அப்பாவின் பெயர் ஒட்டியிருந்தது, பிறகு கணவரின் பெயர். என் பெயர் மட்டும் வீடு மாறி மாறிக் கூடவே வந்தது.

சீட்டுகளைப் பற்றி ஒரே ஒரு சட்டம் சொன்னார். பழைய சீட்டை ஒருநாளும் வெட்டக்கூடாது. அதிலிருக்கிற பெயர் பிழை என்று இன்று தெரிந்தாலும் கூடாது. புதிய சீட்டு எழுதி அதற்குமேல் கட்ட வேண்டும். "பிழையும் அந்தக் குருவியின்ர சரித்திரம்தான்," என்றார். சில பழைய பறவைகளின் கால்களில் நாலைந்து சீட்டுகள் தொங்கின. சிவப்புச் சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அது தெரியும் என்பதால், எனக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்.

எனக்கும் தெரிந்திருந்ததுதான் கரைச்சல்.

எங்கள் ஆலையில் மிருக வைத்தியர் நின்று ஒவ்வொரு உடலையும் பார்ப்பார். அவர் சிவப்புச் சீட்டுக் கட்டினால் அது மனிதருக்கு ஆகாது. கண்டவுடன் வரிசையிலிருந்து எடுக்க வேண்டும். பையில் போட்டுக் காற்றுப் போகாமல் மூட வேண்டும். குளிர் அறையில் தனியாக வைத்து, பெட்டியில் 'கஸேரெத்' என்று எழுத வேண்டும். கழிக்கப்பட்டது என்று அர்த்தம். ஒரு சிவப்பு தப்பிப் போனாலும் முழு வரிசையும் நிற்கும். பதினெட்டு வருடத்தில் என்னைத் தாண்டி ஒன்றும் போனதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அதற்கு முந்திய வியாழனும் வெள்ளியும் பொறுப்பாளர் ஓகூஸ் நகரத்துக்குப் போயிருந்தார். போகும்போது, மறுகோடியிலிருந்த பழைய அலுமாரிகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதுவரை அவற்றை அவரே பார்த்திருந்தார். முதல் இழுப்பறையைத் திறந்தேன். ஒரு குருவியின் காலில் சிவப்புச் சீட்டு. அடுத்ததில் இன்னொன்று.

ஐயோ, எத்தனை காலமாக இந்தப் பழுதுகள் மற்றதுகளோடு சேர்ந்து கிடக்கின்றன என்று பதறினேன். பொறுப்பாளரின் கவனக்குறைவை நினைத்துக் கொஞ்சம் கோபமும் வந்தது. கூட்டத்துக்கு முன்னர் எல்லாவற்றையும் துப்புரவாக்கிக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாளில் இருபத்துமூன்று சிவப்பைப் பிடித்தேன். ஒவ்வொன்றையும் தனிப்பையில் மூடி, சாம்பல் நிறப் பெட்டியில் அடுக்கினேன். புதுப் பறவைகளைப் பூச்சி சாக வைக்கிற உறைநிலை அறை ஒன்று அங்கே இருந்தது. அதன் மூலையில், கழிவுக்கென்று விட்ட தட்டில் பெட்டியை வைத்து, மேலே பெரிய எழுத்தில் 'கஸேரெத்' என்று எழுதினேன். மற்றப் பறவைகளை இடைவெளி இல்லாமல் புதிய அலுமாரிகளில் அடுக்கி முடித்தேன். அவ்வளவு அழகு. ஒரு படமும் எடுத்தேன்.

வெள்ளி பின்னேரம், சாப்பாட்டு மேசையில் அந்தப் படத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். மகள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள், இந்த ஏற்பாடு அவளுடைய நாலு வயதிலிருந்து நடக்கிறது. அவள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுப் போனில் எதையோ தேடினாள். பிறகு, அவசரத்துக்கு மட்டும் வெளியே வருகிற தமிழில் சொன்னாள்.

"அம்மா, சிவப்பு பழுது இல்லை. சிவப்புதான் முதலாவது."

மிச்சத்தை டேனிஷில் வாசித்தாள். புதிய இனம் ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது ஒரு பறவையை முன்னால் வைத்துத்தான் வைப்பார்கள். அந்தப் பெயர் அந்த ஒரு உடலில் தங்கியிருக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், இதுதானா அது என்று பார்க்க அந்த ஒரு உடலிடம்தான் வரவேண்டும். அதைத் தொலைத்துவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. அதன் அடையாளம்தான் சிவப்புச் சீட்டு.

நான் இருபத்துமூன்று முதலாவதுகளைப் பிடித்துக் கழிவுத் தட்டில் வைத்திருக்கிறேன். கழிவு வண்டி திங்கட்கிழமை மத்தியானம் வரும். என் கதவு அட்டை சனி ஞாயிறுகளில் வேலை செய்யாது.

"இப்பவே அவவுக்கு எழுதுங்கோ" என்றாள் மகள். எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், யாருக்கும் தெரியாமல் திங்கட்கிழமை விடியத் திருப்பி வைத்துவிடுவதுதான் என் திட்டம். பத்து மணிக் கூட்டத்துக்கு வருகிற ஜொப்சென்டர் மனிதரின் கணினியும் சொசேஜும் என் கண்ணுக்குள் நின்றன. கணவர் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தலாமா என்று கேட்டார். அந்தோனியார் தொலைந்ததைக் கண்டுபிடிக்கிறவர், நான் ஒன்றையும் தொலைக்கவில்லை, எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரியும், அதுதான் பிரச்சினை என்று சீறினேன். "அப்ப பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்து விடும்" என்றார். நேர்ந்துவிட்டேன். அவரும் தன் பக்கத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

திங்கள் காலை ஆறரைக்கு வாசலில் நின்றேன். பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. வெளியே எடுத்து, பைகளைத் திறக்காமல் மேசையில் பரப்பினேன். குளிரிலிருந்து வந்ததை உடனே திறந்தால் வியர்க்கும், ஈரம் பிடிக்கும். இதை எனக்கு மியூசியம் சொல்லித் தரவில்லை, ஆலை சொல்லித் தந்தது. இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்து அந்தப் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு இருப்பது பன்றி வெட்டுவதைவிடக் கடினம்.

எட்டே முக்காலுக்குத் திறந்தேன். தோல்கள் நல்ல காய்ந்த தோல்கள், ஒன்றுக்கும் பங்கமில்லை. சீட்டை வாசித்து, பொறுப்பாளரின் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொன்றாக இடம் கண்டுபிடித்தேன். இருபத்திரண்டு போயின. கடைசியாக ஒன்று. சாம்பல் முதுகு, கறுப்புத் தலை. சீட்டில் மங்கிய மையில், யாரோ படித்த மனிதரின் அழகான எழுத்தில் லனியுஸ் என்று இருந்தது. இரண்டாவது பெயர் மங்கி வாசிக்க முடியவில்லை, பட்டியலில் எந்த லனியுஸ் இது என்று தெரியவில்லை. சரி, லனியுஸ் என்றால் கீச்சான்தானே என்று கீச்சான் அலுமாரிக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். கையிலிருந்ததை உள்ளே வைக்கப் போனேன்.

என் கை மறுத்தது.

பதினெட்டு வருடம் உடல் தூக்கிய கை. மணிக்கட்டுத்தான் பழுது, உள்ளங்கைக்குத் தெரியும். இழுப்பறையிலிருந்த பெரிய கீச்சான் ஒன்றை மற்றக் கையில் எடுத்தேன். கீச்சானின் அலகு குட்டை. இதற்கு நீண்ட, கனத்த அலகு, எலும்பு பிரிக்கிற கத்திபோல நேராகப் போய் நுனியில் மட்டும் வளைந்திருந்தது. தலை பெரிது. நெஞ்சின் கட்டு வேறு. முகத்தைப் பார்த்தால் அதே கள்ள முகம்தான். ஆனால் இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை.

சீட்டோ இந்த வீட்டுப் பிள்ளை என்கிறது. எழுதியவர் படித்தவர். நான் யார்? ஒன்பதரை மணி. உள்ளே போட்டு மூடினால் என் பிழை மூடப்பட்டுவிடும், ஒருவருக்கும் தெரியாது, எனக்கு வேலை. ஆனால் இந்தக் குருவி பிழையான வீட்டில் கிடக்கும். அதுவும் தன் பெயருக்கே ஆதாரமான குருவி. எவ்வளவு காலத்துக்குக் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கோபக் கண்ணீர், ஒரு செத்த குருவிக்காக.

அப்படியே இரண்டு கையிலும் இரண்டு குருவியோடு நான் நின்றபோது கதவு திறந்தது. பொறுப்பாளரும் ஜொப்சென்டர் மனிதரும் நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார்கள். டேனிஷ்காரரின் இந்தப் பழக்கத்தை நான் ஒருநாளும் மன்னிக்க மாட்டேன்.

பொறுப்பாளர் என் கையிலிருந்த சிவப்புச் சீட்டைப் பார்த்தார். மேசையிலிருந்த வெற்றுப் பைகளைப் பார்த்தார். பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்தார்.

"எத்தினை?" என்றார்.

"இருவத்திமூண்டு. இருவத்திரண்டைத் திருப்பி வைச்சிட்டன். ஒண்டும் பழுதாகேல்லை." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆலையை, மிருக வைத்தியரை, குளிர் அறையை, சத்தமில்லாமல் வைத்துவிட நினைத்ததையும். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

அவர் பட்டியலை எடுத்துக்கொண்டு இழுப்பறை இழுப்பறையாகப் போனார். ஜொப்சென்டர் மனிதர் தன் கணினிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். இருபது நிமிடம் சென்றிருக்கும். பொறுப்பாளர் திரும்பி வந்து ஏணிப்படியில் பொத்தென்று இருந்தார்.

"சரியான இடத்தில இருக்கு, எல்லாம்," என்றார். பிறகு சத்தம் போட்டார். "நான் இண்டைக்குச் செத்திருப்பன், தெரியுமோ? சிவப்பைக் கண்டால் என்னைக் கேட்டிருக்க வேணும்!"

"ஓம். நீங்களும் சொல்லியிருக்க வேணும்."

அவர் கொண்டையில் பென்சிலைத் தேடினார். அது அங்கேதான் இருந்தது. "ஓம்," என்றார். "நானும் சொல்லியிருக்க வேணும்." பிறகு என் கையைக் காட்டினார். "அந்த ஒண்டு ஏன் இன்னும் கையில?"

"சீட்டில லனியுஸ் எண்டு இருக்கு. ஆனா இது கீச்சான் இல்லை. இது அந்த ஒஸ்ரேலியா ஆள். தூக்கிப் பாருங்கோ."

அவர் தூக்கிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "நான் இஞ்ச வந்த முதல் வருசம்," என்று மெதுவாகச் சொன்னார், "அதே குருவியை, அதே சீட்டை நம்பி, அந்த இழுப்பறைக்குள்ளதான் வைச்சனான். நாலு மாசத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது. புதுச் சீட்டுக் கட்ட வேணும் கட்ட வேணும் எண்டு இண்டைக்கு வரைக்கும் கட்டேல்லை." பிறகு ஜொப்சென்டர் மனிதரிடம் திரும்பினார். "நான் இவவை வைச்சிருக்கிறன்."

அந்த மனிதர் அவசரமாகக் கணினியைத் திறந்து என் மேசையில் வைத்தார், செத்த குருவிகளுக்குப் பக்கத்தில். என் பெயர் வந்தது. பெயருக்கு நேரே அந்தப் பழைய சொல் வந்தது. அவருக்கு உண்மையாகவே சந்தோசம், முகம் எல்லாம் சிரிப்பு. "கடைசியா உங்கட இந்தச் சொல்லை அழிக்கப்போறன்," என்று விரலைக் கொண்டுபோனார்.

"வேண்டாம்," என்றேன். "அழிக்காதையுங்கோ. புதுசை அதுக்கு மேல போடுங்கோ."

அவருக்கு விளங்கவில்லை. பொறுப்பாளருக்கு விளங்கியது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைச் சீட்டையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

அந்தக் குருவி இப்போது ஒஸ்ரேலியா அலுமாரியில், தன் சொந்தக்காரரோடு மல்லாந்து கிடக்கிறது. காலில் பழைய சீட்டு இருக்கிறது, சிவப்புச் சீட்டு இருக்கிறது, மேலே என்னுடையதும் இருக்கிறது. மணிக்கட்டால் என் எழுத்து கொஞ்சம் கோணல். பின்னால் வருகிறவர்கள் யார் எழுதியது என்று கேட்டால், ஒரு கசாப்புக்காரி என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.